மறதியும் நினைவியும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வாயிலில் நிற்பவர் யார் என்று கேட்டறிந்த பின்னரே உள்ளே அழைப்பது வீட்டின் வழக்கம். இணையத்தின் வழக்கமும் அதுவே. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் நாள்தோறும் தட்டச்சு செய்கிறோம். அதன்பின் கணினிகளுக்கிடையே நிகழும் உரையாடலை எண்ணிப் பார்ப்பதில்லை. உலாவியின் துணையின்றிக் கட்டளை வரியிலிருந்து ஓர் இணையத்தளத்திற்குள் நுழைய முயலும்போது அவ்வுரையாடல் முழுவதும் கண்முன் விரிகிறது. அதை அறிந்தவர் கருவியைத் திறம்படக் கையாள்வார். தம் பெயரையும் காத்துக்கொள்வார்.

கல்லில் நின்ற சான்று

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த ஊர், காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல். ஆறுகளின் கூடலே ஊருக்குப் பெயரும் ஆயிற்று. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், வீரராசேந்திர சோழன் ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கிய செய்தியை அது தெரிவிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர் எனப் பணியாளர்களையும் அவர்களுக்குரிய ஊதியத்தையும் அது வரிசைப்படுத்துகிறது.

இன்ன பணிக்கு இன்னார் உரியர். அவர் பெறத்தக்கது இவ்வளவு. அவர் செய்யவேண்டியது இது. இம்மூன்றையும் ஊரறிய நிலைநிறுத்துவதே அக்கல்வெட்டின் நோக்கம். எந்தப் பொது நிறுவனமும் இத்தகைய சான்று இல்லாமல் நடைபெற இயலாது. ‘நீர் யார்? இங்கு என்ன செய்ய உமக்கு உரிமை உண்டு?’ என்னும் வினாக்களுக்கு விடை வேண்டும். இன்றைய இணையத்தளங்களும் இதே வினாக்களைத்தான் கேட்கின்றன. வேறுபாடு ஒன்றே. கல் மறப்பதில்லை, இணைய வழங்கியோ ஒவ்வொரு விடையையும் அடுத்த நொடியில் மறந்துவிடும் இயல்புடையது. அந்த மறதியை வெல்வதற்கு மனிதர் கண்ட வழியே இப்பாடத்தின் பொருள்.

விக்கிமூலத்தின் வாயிலில்

கல்லிலிருந்து ஓலைக்கும் ஓலையிலிருந்து தாளுக்கும் வந்த தமிழ், இன்று மின்பக்கங்களில் வாழ்கிறது. பதிப்புரிமை நீங்கிய நூல்களையும் பொதுவுரிமையில் வழங்கப்பட்ட நூல்களையும் எவரும் படிக்கவும் திருத்தவும் உதவும் கட்டற்ற நூலகம் தமிழ் விக்கிமூலம். தமிழ்நாட்டு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுள் ஏறத்தாழ 2,000 நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்க, அவை விக்கிமூலத்திற்கு வந்து சேர்ந்தன.

வந்தவை பக்கங்களின் படங்கள். படத்தில் ஒரு சொல்லைத் தேட இயலாது. பார்வையற்றோர்க்கு அதைக் கணினி படித்துக்காட்டவும் இயலாது. எனவே எழுத்துணரி என்னும் மென்பொருளால் படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றி, அவ்வுரையை ஒவ்வொரு பக்கமாக விக்கிமூலத்தில் ஏற்றவேண்டியிருந்தது. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, உரையை ஒட்டி, சேமிக்க இரண்டு நிமிடம் ஆகும் எனக் கொள்வோம். 300 பக்க நூல் ஒன்றுக்குப் பத்து மணி நேரம். 2,000 நூல்களுக்கு 20,000 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஒருவர் ஓயாது உழைத்தாலும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்!

இத்தகைய பணியை மனிதக் கையால் செய்வது வீண். கணியம் இதழின் நிறுவனரான த. சீனிவாசன், பைத்தான் மொழியில் இதற்கென ஒரு கட்டளை வரிக் கருவியை உருவாக்கிக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார். நூலின் மின்படியைப் பதிவிறக்குதல், பக்கங்களாகப் பிரித்தல், கூகுள் எழுத்துணரியின் வழியாக உரையாக்குதல், அவ்வுரையை விக்கிமூலத்தின் உரிய பக்கத்தில் ஏற்றுதல் ஆகிய பணிகளை அது தானே செய்தது. இவ்வேலையின் கடைசிப் படியில் கருவி விக்கிமூலத்தின் வாயிலில் நிற்கிறது. வழங்கி கேட்கிறது: ‘நீர் யார்?’

வழங்கியின் மறதி

சுவிட்சர்லாந்து நாட்டின் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்சு லீ, வையவிரிவு வலைக்கான திட்டத்தை 1989ஆம் ஆண்டில் முன்வைத்தார். ஆய்வுக் கட்டுரைகளைக் கணினிகளுக்கிடையே பகிர்வதே அன்றைய தேவை. அதற்கென அமைந்த எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறை மிக எளிமையானது. ஒரு கணினி ‘இப்பக்கம் வேண்டும்’ என்று கேட்கும். வழங்கி அதைக் கொடுக்கும். அத்துடன் அவ்வுரையாடல் முடிந்துவிடும். அடுத்த வேண்டுகோள் வந்தால், முன்பு கேட்டவர்தாம் இவரும் என்பது வழங்கிக்குத் தெரியாது.

இம்மறதி குறையன்று. ஒவ்வொருவரையும் நினைவில் வைத்திருக்கவேண்டிய சுமை இல்லாததால்தான், ஒரு வழங்கியால் பல்லாயிரம் பேருக்கு விரைந்து விடையளிக்க முடிகிறது. ஆயினும் வணிகமும் வங்கியும் அஞ்சலும் இணையத்திற்கு வந்தபோது இம்மறதி இடையூறாயிற்று. ஒரு பக்கத்தில் கடவுச்சொல்லைக் கூறி உள்ளே வந்தவர், அடுத்த பக்கத்திற்குச் சென்றதும் அயலார் ஆகிவிட்டால் எந்த வேலையும் நடைபெறாது.

இதற்கான தீர்வைக் காஞ்சிபுரத்தின் கோயில் வாயில்களில் நாள்தோறும் காண்கிறோம். காலணி காப்பகத்தில் காலணியைக் கொடுத்தால் எண் பொறித்த ஒரு வில்லையைத் தருவார்கள். வழிபாடு முடித்துத் திரும்பும்போது அவ்வில்லையை நீட்டுகிறோம். நம் காலணி கைக்கு வருகிறது. காப்பகத்தார் நம் முகத்தை நினைவில் வைத்திருக்கவில்லை; அதற்கு வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. நினைவு முழுவதும் நம் கையிலுள்ள வில்லையில் இருக்கிறது.

1994ஆம் ஆண்டில் நெட்சுகேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுலி என்னும் பொறியாளர் இம்முறையையே இணையத்திற்குக் கொண்டுவந்தார். வழங்கி தன் விடையுடன் ஒரு சிறு குறிப்பையும் சேர்த்து அனுப்பும். பெறும் கணினி அதைப் பாதுகாத்து, அதே வழங்கிக்கு அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளுடனும் திருப்பிக் காட்டும். குக்கீ என வழங்கும் இக்குறிப்பைத் தமிழில் நினைவி என்கிறோம். நினைவியில் பெரும்பாலும் கடவுச்சொல் இராது. எவரும் ஊகிக்க இயலாத நீண்ட எழுத்துத்தொடர் ஒன்றே இருக்கும். அத்தொடருக்கு உரியவர் யார் என்னும் குறிப்பை வழங்கி தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும். உள்நுழைந்தது முதல் வெளியேறுவது வரை இவ்வாறு தொடரும் உறவே அமர்வு எனப்படும்.

தறியில் ஒவ்வோர் ஊடையும் தனித்தனியே ஓடுகிறது. அவற்றையெல்லாம் ஒரே சேலையாகப் பிணைப்பது நீண்டு கிடக்கும் பாவு. தனித்தனியான வேண்டுகோள்களை ஒரே அமர்வாகப் பிணைக்கும் பாவு நினைவியே.

தெரிந்து தெளிவோம்

சுவீடன் நாட்டைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க், நாணய மாற்று விகிதங்களை இணையத்திலிருந்து பெறுவதற்காக ஒரு சிறு கருவியை மேம்படுத்தத் தொடங்கினார். அதுவே 1998ஆம் ஆண்டில் கர்ல் என்னும் பெயருடன் வெளிவந்தது. விண்டோசு, மேக், லினக்சு ஆகிய மூவகைக் கணினிகளிலும் இன்று அது கிடைக்கிறது. அதன் நிரல் நூலகம் கைப்பேசிகளிலும் தொலைக்காட்சிகளிலும் மகிழுந்துகளிலும் கூட இயங்குகிறது. அது கட்டற்ற மென்பொருளாகும்.

உலாவி செய்வதும் கர்ல் செய்யாததும்

படங்களும் பொத்தான்களும் இன்றி, எழுத்தால் மட்டும் கணினிக்கு ஆணையிடும் இடம் கட்டளை வரி. அங்கிருந்து இணையத்தோடு பேசப் பெரிதும் பயன்படுவது கர்ல். உலாவிக்கும் கர்லுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வழங்கி தரும் நினைவிகளை உலாவி கேளாமலேயே வாங்கி வைக்கும். கேளாமலேயே திருப்பிக் காட்டும். கர்ல் அவ்வாறு செய்வதில்லை. சொன்னாலன்றி அது நினைவியை வாங்குவதுமில்லை, காட்டுவதுமில்லை. வில்லையை வாங்காமலேயே காப்பகத்தைவிட்டு நகர்ந்துவிடும் அவசரக்காரரைப் போன்றது அது.

எனவே இரண்டு விருப்பங்களைக் கட்டளையுடன் சேர்க்கிறோம். ஒரு சிறு கோடும் ‘சி’ என்னும் சிறிய ஆங்கில எழுத்தும், அவற்றை அடுத்து ஒரு கோப்பின் பெயரும் எழுதினால், வழங்கி தரும் நினைவிகளை அக்கோப்பில் எழுதி வை என்று பொருள். சிறு கோடும் ‘பி’ என்னும் சிறிய எழுத்தும் எழுதி அதே கோப்பின் பெயரைத் தந்தால், அதிலுள்ள நினைவிகளை வழங்கிக்குக் காட்டு என்று பொருள். முன்னது வாங்குதல், பின்னது காட்டுதல். அமர்வு நீடிக்கவேண்டுமாயின் ஒவ்வொரு கட்டளையிலும் இரண்டும் இடம்பெற வேண்டும்.

அக்கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு நினைவியும் ஒரு வரியாக, ஏழு பகுதிகளுடன் இருக்கும். எந்தத் தளத்திற்கு உரியது, துணைத்தளங்களுக்கும் பொருந்துமா, எந்தப் பாதைக்கு உரியது, மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் அனுப்பத்தக்கதா, எப்போது காலாவதியாகும், அதன் பெயர் என்ன, மதிப்பு என்ன என்பவை அவை. காலாவதிக்கான இடத்தில் 0 என்றிருந்தால் அது அந்த அமர்வுக்கு மட்டும் உரிய நினைவி.

ஐந்து படிகள்

விக்கிமூலம் இயங்குவது மீடியாவிக்கி என்னும் மென்பொருளில். கருவிகள் தன்னோடு பேசுவதற்கென்றே அது தனி வாயில் ஒன்றைத் திறந்து வைத்துள்ளது. அவ்வாயிலின் வழியே ஒரு பக்கத்தை ஏற்ற ஐந்து படிகளைக் கடக்கவேண்டும்.

முதற்படி, ஒப்புச்சீட்டு கேட்டல். உள்நுழைய விரும்புகிறேன் என்று தெரிவித்தால் வழங்கி இரண்டைத் தரும். ஒன்று, டோக்கன் எனப்படும் ஒப்புச்சீட்டு. இது விடையின் உள்ளே எழுதப்பட்டிருக்கும். மற்றொன்று நினைவி, இது விடையின் தலைப்பில் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையானவை. ஒன்றைக் கொண்டுவந்து மற்றொன்றை மறந்தவரை வழங்கி ஏற்காது.

இரண்டாம் படி, உள்நுழைதல். பயனர்பெயர், கடவுச்சொல், ஒப்புச்சீட்டு ஆகிய மூன்றையும் நினைவியுடன் அனுப்பவேண்டும். இவற்றை முகவரியின் பகுதியாக எழுதலாகாது; வேண்டுகோளின் உடற்பகுதியில் வைத்து அனுப்பவேண்டும். முகவரிகள் வழங்கியின் பதிவேடுகளில் எழுதப்படுபவை. அங்கே கடவுச்சொல் இடம்பெறலாகாது. தொடக்கநிலையினர் பலரும் தடுமாறுவது இப்படியிலேதான். ‘அமர்வு காலாவதியாகியிருக்கலாம்’ என்னும் பொருளில் வழங்கி விடையளிக்கும். ஒரு நொடிக்கு முன்புதானே கேட்டோம், அதற்குள் எவ்வாறு காலாவதியாகும் என்று வியப்பர். கடந்துபோன நேரம் காரணமன்று. முதற்படியில் பெற்ற நினைவியைத் திருப்பிக் காட்டாததால், வழங்கிக்கு அவர் முற்றிலும் புதியவராகத் தோன்றுகிறார்.

மூன்றாம் படி, தொகுப்பதற்குரிய ஒப்புச்சீட்டைப் பெறுதல். உள்நுழைந்தவருக்கு ஏன் மீண்டும் ஒரு சீட்டு என்னும் ஐயம் எழலாம். உலாவி நினைவியைக் கேளாமலேயே காட்டிவிடும் என்று முன்னர்க் கண்டோம். அதைப் பயன்படுத்தி, தீய தளமொன்று நம் உலாவியின் வழியாகவே நாம் அறியாமல் வேறொரு தளத்திற்கு ஆணை அனுப்பிவிடக்கூடும். நினைவி உண்மையானது என்பதால் வழங்கி ஏமாறும். தனியே கேட்டுப் பெற்று, தனியே இணைத்து அனுப்பவேண்டிய ஒப்புச்சீட்டு இம்மோசடியைத் தடுக்கிறது. அயல் தளத்தால் அச்சீட்டைப் படித்தறிய இயலாது.

இங்கே நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. உள்நுழைந்தவருக்கு நீண்ட எழுத்துத்தொடர் சீட்டாக வரும். உள்நுழையாதவருக்கு ஒரு கூட்டல் குறியும் ஒரு பின்சாய்கோடும் மட்டுமே வரும். அவ்விரு குறிகளை மட்டும் கண்டால் அமர்வு அறுந்துவிட்டது என்று உணர்ந்து இரண்டாம் படிக்குத் திரும்பவேண்டும்.

நான்காம் படி, பக்கத்தை ஏற்றுதல். பக்கத்தின் தலைப்பு, உரை, ஒப்புச்சீட்டு ஆகியவற்றை நினைவியுடன் அனுப்பவேண்டும். இதிலும் ஓர் இடறல் உண்டு. நீண்ட சீட்டும் கூட்டல் குறியையும் பின்சாய்கோட்டையும் கொண்டே முடியும். படிவங்களின் குறியீட்டு முறையில் கூட்டல் குறி வெற்றிடத்தைக் குறிக்கும். எனவே அப்படியே அனுப்பினால் வழங்கி அதை வெற்றிடமாகப் படித்து, சீட்டு செல்லாது என்று மறுத்துவிடும். தரவை முகவரிக் குறியீட்டுக்கு மாற்றி அனுப்பும் விருப்பம் கர்லில் உள்ளது. அதைப் பயன்படுத்த வேண்டும். தமிழ் எழுத்துகளைப் பிழையின்றி அனுப்பவும் அதுவே துணை.

இப்படியில் ‘நான் உள்நுழைந்த பயனர் என்பதை உறுதிசெய்த பின்னரே ஏற்றுக்கொள்’ என்னும் கட்டுப்பாட்டையும் சேர்க்கலாம். இடையில் அமர்வு அறுந்துவிட்டால், உரிய பெயரின்றி ஆயிரம் பக்கங்கள் ஏறிவிடாமல் இது தடுக்கும்.

ஐந்தாம் படி, வெளியேறுதல். வேலை முடிந்ததும் வெளியேறும் ஆணையை அனுப்பவேண்டும். அப்போது வழங்கி தன்னிடமுள்ள குறிப்பை அழிக்கும். நம் கையிலுள்ள நினைவி பயனற்றதாகும். அதன்பின் நினைவிக் கோப்பையும் அழித்துவிட வேண்டும்.

ஐந்து படிகளையும் கடந்த மாணவர் ஓர் உண்மையை உணர்வார். கடவுச்சொல் ஒரே ஒரு முறை, இரண்டாம் படியில் மட்டும் பயன்பட்டது. மற்ற எல்லா இடங்களிலும் நம்மை நாமென்று நிறுவியது நினைவியே.

வில்லை வைத்திருப்பவரே உரியவர்

காலணி காப்பகத்தின் வில்லையைத் தொலைத்தவர் நிலையை எண்ணிப் பார்ப்போம். கண்டெடுத்தவர் அதை நீட்டினால் காலணி அவருக்கே போய்ச்சேரும். நினைவிக்கும் இது பொருந்தும். அமர்வு நினைவியைக் கைப்பற்றியவருக்குக் கடவுச்சொல் தேவையில்லை. வழங்கியின் கண்ணில் அவரே நாம்.

இது வெறும் கற்பனையன்று. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் எரிக் பட்லர் என்னும் நிரலாளர், பயர்சீப் என்னும் உலாவி நீட்சியை வெளியிட்டார். அக்காலத்தில் பல தளங்கள் உள்நுழையும் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்தன. அதன்பின் நினைவிகளைத் திறந்த மடலாகவே அனுப்பின. கடவுச்சொல்லற்ற பொது அருகலையில் அமர்ந்திருப்போரின் நினைவிகளைப் பிடித்து, அவர்களது கணக்கில் எவரும் நுழைந்துவிடலாம் என்பதைப் பயர்சீப் ஒரே சொடுக்கில் காட்டியது. குறையை உலகறியச் செய்வதே தம் நோக்கம் என்றார் அவர். அதன்பின் பெரிய தளங்கள் பலவும் முழு மறையாக்கத்திற்கு மாறின. விக்கிமீடியாத் தளங்கள் 2013ஆம் ஆண்டில் உள்நுழையும் பயனர்களுக்கும், 2015ஆம் ஆண்டில் அனைவருக்கும் மறையாக்கத்தை இயல்பாக்கின.

கட்டளை வரியைப் பயன்படுத்துவோர் கூடுதல் விழிப்புடன் இருக்கவேண்டும். உலாவியை மூடியதும் மறையவேண்டிய அமர்வு நினைவி, கர்லின் கோப்பில் எழுதப்பட்டுவிட்டால் அங்கேயே தங்கியிருக்கும். எனவே கீழ்க்காணும் நெறிகளைப் பின்பற்றுதல் நன்று.

கடவுச்சொல்லைக் கட்டளையின் உள்ளே எழுதலாகாது. கட்டளை வரி நாம் தட்டச்சு செய்த ஒவ்வொன்றையும் வரலாறாகச் சேமித்து வைக்கும். அதே கணினியைப் பயன்படுத்தும் பிறர், இயங்கும் கட்டளைகளின் பட்டியலிலும் அதைக் காணக்கூடும். கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து, அதிலிருந்து படிக்குமாறு கர்லுக்குச் சொல்லலாம்.

கடவுச்சொல் கோப்பையும் நினைவிக் கோப்பையும் உரியவர் மட்டுமே படிக்குமாறு அனுமதியை அமைக்கவேண்டும். நிரலைப் பொதுவெளியில் பகிரும்போது அவ்விரு கோப்புகளும் அதனுடன் செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதன்மைக் கடவுச்சொல்லைக் கருவியிடம் ஒப்படைக்கலாகாது. மீடியாவிக்கியில் கருவிகளுக்கென்று தனிக் கடவுச்சொல்லை உருவாக்கும் வசதி உள்ளது. பக்கங்களைத் தொகுக்கும் உரிமையை மட்டும் அதற்கு அளிக்கலாம். ஐயம் தோன்றினால் அதை மட்டும் நீக்கிவிடலாம். திருமுக்கூடல் மருத்துவமனையில் மூலிகை கொண்டுவருவோர்க்கு அப்பணி மட்டுமே உரியது. அறுவை மருத்துவம் வேறொருவர் பொறுப்பு. பணிக்கு ஏற்ற அளவே உரிமை என்பது பழமையான அறிவு.

கருவியின் கை, மனிதரின் பெயர்

விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்திற்கும் வரலாறு உண்டு. எந்நாளில், எந்நேரத்தில், எந்தப் பயனர் என்ன மாற்றினார் என்பது அதில் அழியாது நிற்கும். கருவி ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பக்கங்களை ஏற்றலாம். ஆயிரம் பக்கங்களைச் சிதைக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் வரலாற்றில் பதியும் பெயர் உள்நுழைந்தவருடையது. நம் நினைவியைக் களவாடியவர் ஒரு நூலை அழித்தாலும் அங்கே பதிவது நம் பெயரே. ‘நான் செய்யவில்லை’ என்று எவ்வளவு கூறினாலும் வழங்கிக்குத் தெரிந்தது அவ்வளவே.

இதனால்தான் கருவிகளை இயக்குவோர்க்கு விக்கிச் சமூகம் சில நெறிகளை வகுத்துள்ளது. தானியங்கிக்குத் தனிக் கணக்கு வேண்டும். சமூகத்தின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு வேண்டுகோளிலும் கருவி தன்னை இன்னதென்று அறிவிக்கவேண்டும். வழங்கி களைத்திருக்கும் வேளையில் பொறுத்திருந்து மீண்டும் முயலவேண்டும். பிறருக்கும் உரிய பொதுக் கிணற்றில் நீர் இறைப்போர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது.

மேலும், கருவி ஏற்றும் உரை முடிந்த முடிபன்று. எழுத்துணரி ‘கால்’ எழுத்தை ‘ர’ எனப் படித்துவிடும். அச்சின் கறையைப் புள்ளியாக எண்ணிவிடும். ஆகவே ஏற்றப்பட்ட பக்கம் முதலில் சிவப்பு நிறத்தில் குறிக்கப்படும். ஒருவர் படத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தபின் மஞ்சள் நிறமாகும். மற்றொருவர் சரிபார்த்தபின் பச்சை நிறமாகும். கருவி சேமித்துத் தரும் ஏழாண்டு உழைப்பு, இந்த மெய்ப்புப் பணிக்கு நேரம் தருவதற்காகவே. தமிழறிந்த கண்களுக்கு மாற்று இன்னும் வரவில்லை; அப்பணியில் பதினொன்றாம் வகுப்பு மாணவரும் பங்கேற்கலாம்.

முக்கூடல் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளை நெருங்கியும், பணிகளையும் அவற்றுக்கு உரியவர்களையும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வழங்கியின் வரலாற்றுப் பக்கமும் அத்தகைய கல்வெட்டே. உள்நுழையும் ஒவ்வொரு முறையும் நாம் அதில் நம் பெயரைப் பொறிக்கிறோம். பொறிக்கும் உளியாகிய நினைவி சில மணி நேரமே நம் கையில் இருக்கும். பொறித்த பெயர் நெடுங்காலம் நிற்கும். உளியைப் பிறர் கைக்குப் போகவிடாமல் காப்பதும், வேலை முடிந்ததும் திருப்பி ஒப்படைப்பதும் நம் கடமை.

கலைச்சொல் அறிவோம்

சர்வர் – வழங்கி
பிரவுசர் – உலாவி
குக்கீ – நினைவி
செசன் – அமர்வு
லாகின் – உள்நுழைவு
டோக்கன் – ஒப்புச்சீட்டு
கமாண்ட் லைன் – கட்டளை வரி
என்கிரிப்சன் – மறையாக்கம்
ஓ.சி.ஆர். – எழுத்துணரி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கோயில், நூலகம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் ஒருவரை இன்னார் என அறியப் பயன்படும் சீட்டுகளையும் வில்லைகளையும் பட்டியலிட்டு, அவற்றை நினைவியோடு ஒப்பிட்டு வகுப்பறையில் பேசுக.
2. ஆசிரியரின் துணையுடன் தமிழ் விக்கிமூலத்தில் சிவப்பு நிறத்திலுள்ள பக்கம் ஒன்றை மெய்ப்புப் பார்த்து, நீங்கள் கண்ட எழுத்துப் பிழைகளை வகைப்படுத்துக.
3. பள்ளிக் கணினியைப் பலர் பயன்படுத்தும்போது கடைப்பிடிக்கவேண்டிய உள்நுழைவு நெறிகளைச் சுவரொட்டியாக எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. உள்நுழையாதவர் தொகுப்புக்குரிய ஒப்புச்சீட்டைக் கேட்டால் மீடியாவிக்கி தருவது
அ) நீண்ட எழுத்துத்தொடர்
ஆ) கூட்டல் குறியும் பின்சாய்கோடும்
இ) கடவுச்சொல்
ஈ) பயனர்பெயர்

2. பொருத்துக.
க) லூ மான்டுலி – 1) பயர்சீப்
ங) டேனியல் ஸ்டென்பர்க் – 2) நினைவி
ச) எரிக் பட்லர் – 3) வையவிரிவு வலை
ஞ) டிம் பெர்னர்சு லீ – 4) கர்ல்

அ) 2, 4, 1, 3
ஆ) 4, 2, 3, 1
இ) 2, 1, 4, 3
ஈ) 3, 4, 1, 2

குறுவினா

1. வழங்கியின் மறதி குறையன்று என்பது ஏன்?
2. கர்ல் கருவியில் நினைவியை வாங்கவும் காட்டவும் பயன்படும் விருப்பங்கள் யாவை?
3. கடவுச்சொல்லைக் கட்டளையின் உள்ளே எழுதலாகாது என்பதற்குரிய காரணங்களைக் கூறுக.

சிறுவினா

1. முதற்படியில் பெற்ற நினைவியைத் திருப்பிக் காட்டாதவருக்கு ‘அமர்வு காலாவதியாகியிருக்கலாம்’ என்னும் விடை வருவதை விளக்குக.
2. காலணி காப்பக வில்லைக்கும் நினைவிக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.

நெடுவினா

‘கருவியின் கை, மனிதரின் பெயர்’ – கட்டளை வரியிலிருந்து விக்கிமூலத்தில் பக்கம் ஏற்றும் படிகளையும், அவற்றில் காக்கவேண்டிய பொறுப்புகளையும் இத்தொடரின்வழி விரித்துரைக்க.